பாலாஜியின் முதுகும் நடராஜனின் முழங்காலும்

எங்க அப்பாவுக்கு கிரிக்கெட்ல ரெண்டே ரெண்டு பேரைத்தான் பிடிக்கும். ஒருத்தர் கபில்தேவ். இன்னொருத்தர் சச்சின்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. லட்சுமிபதி பாலாஜி!

"அவன் மட்டும் முதுகு நல்லா இருந்து ஆடியிருந்தான்னா..." என்று ஆரம்பிப்பார். அந்த வாக்கியத்தை இதுவரை ஒரு தடவைகூட முடித்ததில்லை. பெருமூச்சோடு நின்றுவிடும். வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றி நம்ம ஊரில் பேசும் எல்லாருமே இப்படித்தான் பேசுகிறார்கள். பாதி வாக்கியம், ஒரு பெருமூச்சு, கடைசியில் "என்ன பண்றது, கண்ணு பட்டுடுச்சு" என்று ஒரு முடிவு. அது கண்ணு பட்டது இல்லை, கணக்கு தப்பியது என்பதுதான் நான் சொல்ல வருவது. நான் பி.காம் படிக்கிறவன், எதைப் பார்த்தாலும் லெட்ஜராகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் பாலாஜி.

2004-ல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது நான் கைக்குழந்தை. அதனால் எல்லாம் யூடியூபில் பார்த்ததுதான். லாகூரில் கடைசி ஒருநாள் போட்டியில் சோயப் அக்தர் பந்தை சிக்ஸர் அடித்துவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்க, எதிரணி ரசிகர்களே அவருக்குக் கைதட்டினார்கள். ஆனால் சிரிப்பை மட்டும் பேசிப் பேசி அவருடைய பந்துவீச்சை மறந்துவிட்டோம். பாகிஸ்தான் மண்ணில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் தொடரை வென்றது அந்தப் பயணத்தில்தான். அதை முடிவு செய்த ராவல்பிண்டி டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 4 விக்கெட் எடுத்து பாகிஸ்தானைச் சாய்த்தது நம்ம பாலாஜி.

அடுத்த வருஷம், 2005 மார்ச்சில் மொஹாலி டெஸ்ட். அதே பாகிஸ்தானுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 5, இரண்டாவதில் 4, மொத்தம் 9 விக்கெட். வயசு 23. இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்று யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். ஆனால் அதே மாசக் கடைசியில் பெங்களூரில் ஆடிய டெஸ்ட்தான் அவருக்குக் கடைசி டெஸ்ட். மொத்தமே 8 டெஸ்ட், 27 விக்கெட்.

முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். ஏறக்குறைய மூன்று வருஷம் போயிற்று. திரும்பி வந்தார். சும்மா வரவில்லை, 2008-ல் ஐ.பி.எல்லின் முதல் ஹாட்ரிக்கையே சென்னைக்காக எடுத்தார். 2009-ல் மறுபடி ஒருநாள் அணியில் இடம், 2012 டி20 உலகக் கோப்பையில் ஆட்டம், ரஞ்சியில் தமிழ்நாட்டுக்குக் கேப்டன் என்று 2016 வரை ஓட்டினார். ஆனால் பழைய வேகம் இல்லை. வேகத்தைக் குறைத்து, மெதுவான பந்துகளை வைத்து, புத்தியால் ஆடிய இரண்டாவது பாலாஜி அது. முதல் பாலாஜி 2005-லேயே போய்விட்டார்.

சரி, முதுகு ஏன் உடைகிறது?

ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஓடி வந்து பந்தை விடும் நேரத்தில் முன்காலை ஓங்கித் தரையில் வைக்கிறார் இல்லையா, அந்த ஒரு நொடியில் அவர் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை அந்தக் கால் வழியாக மேலே ஏறுகிறது. அதே நேரத்தில் உடம்பு பின்பக்கம் வளைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. எல்லாம் வந்து சேரும் இடம் இடுப்புக்கு மேலே இருக்கும் கடைசி இரண்டு முதுகெலும்புகள். வலது கை வீச்சாளர் என்றால் பெரும்பாலும் இடது பக்கத்தில் விரிசல் விடும்.

இடுப்பு ஒரு திசையிலும் தோள் ஒரு திசையிலும் நிற்கிற மாதிரியான ஆக்‌ஷன் இருந்தால் முறுக்கு இன்னும் கூடும். இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் அந்த இடத்து எலும்பு முழுசாக முற்றாது. ஆக, யார் வேகமாக வீசுகிறானோ, யார் சின்னப் பையனோ, அவனுக்குத்தான் ஆபத்து அதிகம். "இளம் புயல்" என்று பத்திரிகையில் பேர் வாங்குகிற அத்தனை பேரும் இந்தப் பட்டியலில் வந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் எங்க அக்கவுன்டன்சி வருகிறது. ஒரு மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறோம். நேர்கோட்டு முறையோ, குறைந்து செல் மதிப்பு முறையோ, எப்படி எழுதினாலும் மதிப்பு இறங்கத்தான் செய்யும். மெஷினுக்கு ஒரு வாரம் லீவு விட்டால் தேய்ந்த பல்சக்கரம் வளராது. எலும்பு அப்படி இல்லை. அது உயிருள்ள பொருள். தினமும் பழசை அரித்துப் புதுசைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. பாரம் ஏற்றினால் கொஞ்சம் சேதமாகும், ஓய்வு கொடுத்தால் முன்பைவிடக் கெட்டியாகக்கூட வரும். சேதம் ஆகிற வேகம் கட்டுகிற வேகத்தைத் தாண்டும்போதுதான் விரிசல். அதாவது, தன் தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் சொத்து அது. அது கேட்கும் ஒரே விலை நேரம். நாம் கொடுக்காதது அது ஒன்றைத்தான்.

இது இப்போது கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1973-ல் வெஸ்ட் இண்டீஸ் போன டென்னிஸ் லில்லிக்கு முதுகில் இதே விரிசல்தான். உடம்பில் மாவுக்கட்டு போட்டுப் படுத்தார். அவ்வளவுதான் லில்லி கதை என்று பலர் முடிவு கட்டினார்கள். அவர் அவசரப்படாமல் உடம்பைத் தேற்றி, ஆக்‌ஷனைத் திருத்தி, 1974-75 ஆஷஸில் வந்து இங்கிலாந்தை ஓட ஓட விரட்டினார். ஓய்வு பெறும்போது 355 டெஸ்ட் விக்கெட். அந்த லில்லிதான் 1987-ல் தொடங்கிய சென்னை எம்.ஆர்.எப் பேஸ் ஃபவுண்டேஷனில் 2012 வரை நம்ம பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதுகு உடைந்து திரும்பி வந்த ஆளையே வாத்தியாராக வைத்திருந்த ஊரில்தான் பாலாஜியும் வளர்ந்தார். அறிவு இல்லாமல் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அறிவு இருந்தும் பெரிய மேட்ச், அடுத்த தொடர், இடம் போய்விடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்தால் உடம்பு பின்னால் போய்விடுகிறது.

அடுத்து நம்ம நடராஜன்.

சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர், அம்மா ரோட்டோரம் சிக்கன் கடை நடத்தியவர், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. ரஞ்சிக்குள் வந்ததுமே ஆக்‌ஷன் சரியில்லை என்று புகார் வந்து, அதை மாற்றி மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தவர் என்பதும் தெரிந்திருக்கும். 2020 ஐ.பி.எல் முடியும் நேரத்தில் அவருக்கு மகள் பிறந்தாள். குழந்தை முகத்தைப் பார்க்காமலேயே நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனார்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்க.

வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம், நடராஜன் டி20 அணிக்குள் வந்தார். நவ்தீப் சைனிக்கு முதுகு பிடிப்பு, ஒருநாள் அணியிலும் சேர்த்தார்கள். உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால் காயம், டெஸ்ட் அணியில் சேர்த்தார்கள். பும்ராவுக்கு வயிற்றுத் தசையில் காயம், 2021 ஜனவரி 15-ந் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி கைக்கு வந்தது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத கப்பா மைதானத்தில் இந்தியா ஜெயித்தது.

நாம் கைதட்டிக் கொண்டாடிய அந்தக் கதையில் ஒவ்வொரு கதவும் வேறு ஒருத்தர் உடம்பு உடைந்ததால் திறந்த கதவு. அதே கதவு அவருக்கும் சாத்தியது. மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரை சாம் கரனுக்கு வீசி ஜெயித்துக் கொடுத்தார். ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்த புனே மேட்ச்தான் இதை எழுதும் வரை இந்தியாவுக்காக அவர் கடைசியாக ஆடியது. 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20.

அவர் ஆட்டம் முடிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2022 ஐ.பி.எல்லில் 11 மேட்சில் 18 விக்கெட், 2024-ல் 14 மேட்சில் 19 விக்கெட். 2025-க்கான ஏலத்தில் டெல்லி அணி 10.75 கோடிக்கு எடுத்தது. ஆனால் அந்த சீசனில் அவர் ஆடியது 2 மேட்ச். வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது ஒருத்தர் நகர்ந்தால் அந்த இடம் காத்திருக்காது. தன் முறை வர 29 வயசு வரை காத்திருந்த ஆளுக்கு, இன்னும் ரெண்டு வருஷம் காத்திருங்கள் என்பது என்ன ஆறுதல்?

காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு பேட் கம்மின்ஸைப் பாருங்க. 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் 18 வயசில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட், ஆட்ட நாயகன். அடுத்த டெஸ்ட் எப்போ தெரியுமா? 2017 மார்ச், ராஞ்சி. நடுவில் 1,946 நாள்! முதுகில் திரும்பத் திரும்ப விரிசல். ஆஸ்திரேலிய வாரியம் அவரைத் தூக்கிப் போடவில்லை. சம்பளம் கொடுத்தது, சிவப்புப் பந்து பக்கமே அதிகம் விடாமல் வளரவிட்டது. ஆக்‌ஷனைத் திருத்த உதவியவர் யார் என்று நினைக்கிறீங்க? நம்ம லில்லிதான். அந்தப் பையன் கேப்டனாகி 2023-ல் அகமதாபாத்தில் நம்ம கண்ணு முன்னாடியே உலகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனான். அன்றைக்கு வயிறு எரிந்தது வேறு விஷயம்.

காத்திருந்தவர் எல்லாரும் திரும்பிவிட மாட்டார்கள், அதையும் சொல்லணும். நியூசிலாந்தின் ஷேன் பாண்ட் எவ்வளவோ பார்த்துப் பார்த்து ஆடியும் 18 டெஸ்டோடு முடிந்தது. அதில் 87 விக்கெட். ஆனால் காத்திருக்காமல் திரும்பியவர்கள் பட்டியலில் எனக்கு ஒரு பேரும் கிடைக்கவில்லை.

நம்ம பக்கமும் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. பும்ரா முதுகால் 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டார், 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை. அவசரப்படுத்தாமல் கொண்டுவந்தார்கள். 2024-ல் நாம் டி20 உலகக் கோப்பை ஜெயித்தபோது தொடர் நாயகனே அவர்தான். 2025 இங்கிலாந்து தொடரில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்று முன்கூட்டியே சொன்னதும், "நாட்டுக்காக ஆட மாட்டாரா?" என்று டீக்கடையில் பொங்கினார்கள். பாலாஜிக்குப் பெருமூச்சு விட்ட அதே வாய்தான் பும்ராவின் ஓய்வையும் திட்டுகிறது. ரெண்டில் ஏதாவது ஒன்றை விடுங்கப்பா!

காசு விஷயத்தையும் பேசாமல் முடியாது. ரஞ்சி ஆட்டக்காரருக்கு மேட்ச் ஃபீஸ்தான் முக்கிய வருமானம். 2021-ல் வாரியம் உயர்த்திய கணக்குப்படி, அனுபவத்தைப் பொறுத்து ஒரு நாளைக்கு 40,000 முதல் 60,000 ரூபாய். நல்ல காசுதான். ஆனால் ஆடினால்தான் காசு. "வலிக்குது சார்" என்று ஒரு பையன் சொன்னால், அவன் தன் சம்பளத்தைத் தானே வெட்டிக்கொள்கிறான். அப்புறம் எப்படிச் சொல்வான்? ஊசி போட்டுக்கொண்டு ஆடுவான். 2024-ல் வாரியம் உம்ரான் மாலிக் உட்பட 5 பேருக்கு "வேகப்பந்து ஒப்பந்தம்" என்று தனியாகக் கொடுத்தது. தேசிய அணியில் நிரந்தர இடம் இல்லாவிட்டாலும் சம்பளம், கவனிப்பு. சரியான திசை. ஆனால் அது 5 பேருக்கு. நாட்டில் வேகமாக வீசும் பையன்கள் எத்தனை பேர்?

இனி எங்க மலைக்கு வருகிறேன், ஏன்னா இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணமே இங்கேதான் இருக்கு.

ஊட்டி, குன்னூர் பக்கம் கிரிக்கெட் என்றால் எஸ்டேட் கிரவுண்டு, ஊர் கிரவுண்டு, டென்னிஸ் பந்து, ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட். சமதளம் என்பதே இங்கே ஆடம்பரம். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சரிவு, பவுண்டரி தாண்டினால் தேயிலைச் செடி. வேகமாக வீசுகிறவன் சரிவு இருக்கும் பக்கத்திலிருந்துதான் ஓடி வருவான், தானாக வேகம் கிடைக்கும். முன்காலுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. காலில் கேன்வாஸ் ஷூ. ஜனவரியில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போதே முதல் மேட்ச் ஆரம்பித்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எங்க மழை. ஜூனில் ஆரம்பித்தால் தென்மேற்கு, அது ஓய்ந்தால் வடகிழக்கு. வருஷத்தில் பாதி நாள் பையன்கள் பந்தையே தொடுவதில்லை. ஜனவரி வந்ததும் மே வரை விடாமல் டோர்னமெண்ட். உடம்புக்கு மொத்தப் பாரத்தைவிட, சும்மா இருந்துவிட்டு திடீரென்று ஏற்றும் பாரம்தான் மோசம் என்று இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எங்க மலையின் சீசனே அப்படித்தான் அமைந்திருக்கு.

எங்க லைனில் ஒரு அண்ணன் இருந்தார். இருந்தார் என்றால், இப்பவும் இருக்கிறார், பந்து வீசுவதுதான் இல்லை. இந்தப் பக்கத்தில் அவரை மாதிரி வேகம் யாருமில்லை. 19 வயசில் இடுப்பு வலி. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். வாயு என்று பூண்டு தின்னச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை, "சும்மா நடிக்கிறான்" என்று டீமிலேயே பேச்சு. இந்த மாதிரி விரிசல் ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, எம்.ஆர்.ஐ எடுக்கணும் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். அன்றைக்கு கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுக்க யாரிடம் காசு இருந்தது? வலியோடு இன்னும் ரெண்டு சீசன் வீசினார். இப்போது ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை மூட்டை இறக்குகிறார், அதே இடுப்பை வைத்துக்கொண்டு.

இப்போது என் சித்தி பையன். வயசு 15. நல்ல உயரம், நல்ல வேகம். இந்த சீசனில் அவன் பின்னாடியே போய் எண்ணினேன். காலையில் ஒரு ஊர், மதியம் இன்னொரு ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 7 மேட்ச், மேட்சுக்கு 2 ஓவர், வைடு நோபால் சேர்த்து 90 பந்துக்குக் கிட்ட. ஒவ்வொரு பந்தும் முழு வேகம், ஏன்னா ரெண்டு ஓவர்தானே. மேட்சுக்கு மேட்ச் ஒரு மணி நேரம் குளிரில் உட்கார்ந்து உடம்பு இறுகிப்போய் மறுபடி எழுந்து வீசணும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 15 வயசு வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவருக்கு மேல் கூடாது என்று பல வருஷங்களுக்கு முன்பே விதி போட்டது. இவன் அந்த ஒரு நாளில் வீசியது 14.

ஒரு நோட்டு போட்டேன். தேதி, எத்தனை மேட்ச், எத்தனை பந்து, வலி உண்டா இல்லையா. நாலே காலம். பார்த்ததும் அவன் கேட்டான்:

"ஏண்ணா, நீ என்ன கணக்குப்பிள்ளையா?"

ஆமாண்டா என்றேன். எஸ்டேட்டில் நம்ம அம்மாக்கள் பறிக்கிற இலையைக் கிலோ தவறாமல் எடை போட்டு எழுத ஆள் இருக்கு. இலை குறைந்தால் கேட்க ஆள் இருக்கு. நீ வீசுகிற பந்தை எழுத ஒரு ஆள் கிடையாது. அதனால் நான்தான்.

அவனுக்குக் கோபம். போன மாசம் ஒரு அரையிறுதிக்கு முன்னால் "போதும், இன்னைக்கு 60 ஆச்சு" என்று சொன்னதும் மூன்று நாள் பேசவில்லை. டீம் தோற்றது. கேப்டன் அண்ணனும் என்னை முறைத்தார். எனக்கும் அந்த மேட்சைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் டோர்னமெண்ட் நடத்துகிற அண்ணன்களிடம் நான் கேட்பது பெரிசு ஒன்றும் இல்லை. 18 வயசுக்குக் கீழே இருக்கும் பையன்களுக்கு ஒரு நாளில் இத்தனை ஓவர்தான் என்று ஒரு வரி விதியில் சேருங்க. கோப்பைக்கும் பேனருக்கும் செலவழிப்பதில் கொஞ்சம் எடுத்து, பந்து போடும் இடத்தில் கால் ஊன்றும் பக்கத்தையாவது சமன் பண்ணுங்க. மழை முடியும் முன்பே, டிசம்பரிலேயே, வாரம் ரெண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வீசிப் பழகச் சொல்லுங்க. ஒரு பையன் இடுப்பு வலி என்றால், ஒரு பக்கமாக வலிக்கிறது, பின்னால் வளைந்தால் கூடுகிறது என்றால், நீவி விடாதீங்க, நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்புங்க.

நடராஜன் தன் ஊர் சின்னப்பம்பட்டியில் சொந்தக் காசில் ஒரு கிரவுண்டு கட்டி 2023-ல் திறந்தார். சரியான பிட்ச், சரியான தரை. தனக்குக் கிடைக்காததை அடுத்த பையனுக்குக் கொடுக்கிறார். அந்த அளவுக்கு நம்மிடம் காசு இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் இருக்கு. உங்க டீமில் வேகமாக வீசுகிற ஒரு பையன் இருப்பான். அவனுக்கு யாராவது ஒருத்தர் கணக்குப்பிள்ளையாக இருங்க. திட்டுவான், பரவாயில்லை.